மாற்றிய ஆவணங்களை மெயின்ஃபிரேமுக்கு அனுப்பும் பிரிண்ட் கியூ: முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் கணினியிலிருந்து ஒரு வேர்டு ஆவணம், லினக்ஸ் சர்வரில் உருவாகும் ஒரு பிடிஎஃப், ஏதோ ஒரு அப்ளிகேஷன் எழுதும் டெக்ஸ்ட் அறிக்கை. இவை மூன்றும் மெயின்ஃபிரேம் எனும் பெருங்கணினியின் ஸ்பூலுக்குள் (அச்சு வேலைகள் காத்திருக்கும் கிடங்கு) போய், அங்கிருந்து பெரிய பிரிண்டருக்கோ காப்பகத்துக்கோ சேர வேண்டும். இதற்கான கியூவை, அதாவது அச்சு வரிசையை, உருவாக்குவது சில கட்டளைகளில் முடிந்துவிடும். அதன் வழியாகப் போகும் ஆவணம் சிதையாமல் போய்ச் சேருவதுதான் கடினம்.

சிதைவுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஒரே மாற்றம் இரண்டு இடங்களில் நடந்துவிடுகிறது, அல்லது எங்குமே நடக்காமல் போகிறது. அனுப்புபவரின் டிரைவர், லினக்ஸில் அச்சு வேலைகளைக் கையாளும் கப்ஸ், அந்த வேலைகளை நெட்வொர்க்கில் அனுப்பும் எல்பிஆர் நெறிமுறையின் ஃபில்டர் எழுத்து (கோப்பை எப்படிக் கையாள்வது என்று சொல்லும் ஓர் எழுத்து), மெயின்ஃபிரேமில் வாங்கிக்கொள்ளும் சர்வர் என்று வழியில் நான்கு இடங்கள் இருக்கின்றன. நான்கும் உதவி செய்வதாக நினைத்து பைட்டுகளைத் தொடும். எனவே எந்த மாற்றம் எங்கே நடக்கும் என்பதை முதலில் எழுதி வைத்துவிட்டு, மற்ற இடங்களில் அதை அணைப்பதுதான் இந்த வேலையின் சாரம். கீழே சொல்வதெல்லாம் ஐபிஎம் ஜெட்/ஓஎஸ் (மெயின்ஃபிரேமின் இயங்குதளம்), அதில் வேலைகளை நிர்வகிக்கும் ஜெஸ்2-வின் ஸ்பூல், இடையில் ஒரு லினக்ஸ் கப்ஸ் சர்வர் என்ற அமைப்பை வைத்துத்தான்.

எந்த வடிவத்தில் அனுப்பப் போகிறீர்கள்?

மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, லைன் டேட்டா. வெறும் எழுத்து வரிகள். வரிக்கு 132 எழுத்து. அதற்கு முன்னால் காகிதத்தை நகர்த்தும் ஒரு கட்டுப்பாட்டு எழுத்து. ஆக 133. அந்த முதல் எழுத்து 1 என்றால் புதிய பக்கம், வெற்றிடம் என்றால் அடுத்த வரி, 0 என்றால் ஒரு வரி விட்டு, கழித்தல் குறி என்றால் இரண்டு வரி விட்டு, கூட்டல் குறி என்றால் அதே வரியின் மேல் மறுபடி அச்சு. எளிமையானது, ஸ்பூலைக் காட்டும் எஸ்டிஎஸ்எஃப் திரை வழியாகக் கண்ணாலேயே படித்துப் பார்க்கலாம். எழுத்துரு, படம், கையொப்பம் எதுவும் வராது.

இரண்டாவது, ஏஎஃப்பி. மெயின்ஃபிரேம் பிரிண்டர்களின் தாய்மொழி. பக்க அமைப்பு, படம், எழுத்துரு எல்லாம் வரும். அங்கே பிரிண்டர்களை இயக்கும் பிஎஸ்எஃப் மென்பொருள் இதை நேரடியாகப் புரிந்துகொள்ளும்.

மூன்றாவது, பிடிஎஃப்-ஐ அப்படியே அனுப்பி, ஏஎஃப்பி மாற்றத்தை மெயின்ஃபிரேமிலேயே செய்யச் சொல்வது. இன்ஃபோபிரிண்ட் சர்வரும் (ஜெட்/ஓஎஸ்ஸின் அச்சு சர்வர்) அதற்கான டிரான்ஸ்ஃபார்ம் (வடிவ மாற்ற) மென்பொருளும் அங்கே இருந்தால் இதுதான் என் தேர்வு. உங்கள் பக்கம் பைட்டைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அந்த டிரான்ஸ்ஃபார்ம் தனி உரிமம் கேட்கும் பொருள். எல்லா இடத்திலும் இருக்காது. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆவணத்தில் தமிழ் எழுத்து இருந்தால் லைன் டேட்டா உதவாது. ஜெட்/ஓஎஸ்ஸில் வழக்கமாகப் புழங்கும் எப்சிடிக் (மெயின்ஃபிரேமின் எழுத்துக் குறியீட்டு முறை) கோட்பேஜ்கள் (எந்த எண் எந்த எழுத்து என்ற பட்டியல்கள்) 037-உம் 1047-உம் லத்தீன் எழுத்துகளுக்கானவை. அப்போது ஏஎஃப்பி அல்லது பிடிஎஃப் தவிர வேறு வழியில்லை.

மெயின்ஃபிரேம் குழுவிடம் முதலிலேயே கேட்க வேண்டியவை

சர்வரில் கை வைப்பதற்கு முன்பே இந்தப் பதில்கள் கையில் இருக்க வேண்டும்:

- வாங்கிக்கொள்வது இன்ஃபோபிரிண்ட் சர்வரின் பிரிண்ட் இண்டர்ஃபேஸா, கம்யூனிகேஷன்ஸ் சர்வரின் (ஜெட்/ஓஎஸ்ஸின் நெட்வொர்க் மென்பொருள்) எல்பிடி-யா (எல்பிஆர் வேலைகளை வாங்கும் நிரல்)?
- கியூவின் பெயர் என்ன? பெரிய எழுத்து, சிறிய எழுத்து உட்பட எழுத்துக்கு எழுத்து.
- ஸ்பூலில் எந்த கிளாஸ் (வேலையின் வகை), எந்த டெஸ்டினேஷன் (சேருமிடம்), எந்த ஃபார்ம்ஸ் (தாள் வகை)?
- எந்த கோட்பேஜ்? 037-ஆ, 1047-ஆ?
- டெக்ஸ்ட் வந்தால் ஃபார்ம்ஃபீடை (புதிய பக்கக் குறி) அவர்கள் பக்கம் கேரேஜ் கண்ட்ரோலாக (மேலே சொன்ன, காகிதத்தை நகர்த்தும் முதல் எழுத்து) மாற்றிக்கொள்வார்களா?
- எந்தத் துறைமுக (போர்ட்) எண்ணிலிருந்து வரும் இணைப்பை ஏற்பார்கள்?
- ஒரு ஆவணத்தின் அதிகபட்ச அளவு, வரி எண்ணிக்கை என்ன?

ஐந்தாவது கேள்வியை வாய்மொழியாக விட்டுவிடாதீர்கள். "டெக்ஸ்ட் அனுப்புங்க, பார்த்துக்கிறோம்" என்று பதில் வந்தால், ஒரு சோதனைக் கோப்பை அனுப்பி ஸ்பூலில் என்ன விழுகிறது என்று இருவரும் சேர்ந்து பாருங்கள்.

மெயின்ஃபிரேம் பக்கம்

இன்ஃபோபிரிண்ட் சர்வர் என்றால், பிரிண்டர் இன்வென்ட்டரியில் (அதன் பிரிண்டர் பட்டியல்) ஒரு பிரிண்டர் டெஃபினிஷன் உருவாக்க வேண்டும். ஐஎஸ்பிஎஃப் எனும் மெயின்ஃபிரேம் திரைகள் வழியாகவும் செய்யலாம், இன்வென்ட்டரியைத் தொகுக்கும் கட்டளை வழியாகவும் செய்யலாம். நீங்கள் எல்பிஆரில் கொடுக்கும் கியூ பெயர்தான் இந்த டெஃபினிஷனின் பெயர். கிளாஸ், டெஸ்டினேஷன், ஃபார்ம்ஸ், கோட்பேஜ், கேரேஜ் கண்ட்ரோல், எந்த வடிவம் வந்தால் எந்த டிரான்ஸ்ஃபார்ம் என்பதெல்லாம் இங்கேதான் முடிவாகின்றன.

என் பரிந்துரை: வடிவத்துக்கு ஒரு டெஃபினிஷன். டெக்ஸ்டுக்கு ஒரு பெயர், ஏஎஃப்பி-க்கு வேறு பெயர், இரண்டும் ஒரே பிரிண்டருக்குப் போனாலும் சரி. வந்ததைப் பார்த்து வடிவத்தை யூகிக்கும் வேலையை சர்வரிடம் விட்டால், என்றாவது ஒரு நாள் அது தவறாக யூகிக்கும்.

கம்யூனிகேஷன்ஸ் சர்வரின் எல்பிடி என்றால் அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு கியூவுக்கும் ஒரு சர்வீஸ் பத்தி எழுத வேண்டும். அது ஜெஸ் வழியாக உள்ளூர் பிரிண்டருக்கா, என்ஜெஇ (மெயின்ஃபிரேம்களுக்கு இடையே வேலைகளை அனுப்பும் முறை) வழியாக வேறு கணுவுக்கா என்பது, ஏற்கும் ஃபில்டர் எழுத்துகள், வரி அகலம், பக்க நீளம் ஆகியவை அதில் இருக்கும். வரி அகலம் குறைவாக இருந்தால் நீளமான வரிகள் அங்கேயே வெட்டுப்படலாம். உங்கள் பக்கம் எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது.

லினக்ஸ் பக்கம்: இரண்டு கியூ வையுங்கள்

ஒரே கியூவில் மாற்றத்தையும் அனுப்புதலையும் சேர்த்துச் செய்ய முடியும். நான் பிரித்தே வைப்பேன். முதல் கியூ ஆவணத்தை வாங்கி மாற்றும். இரண்டாவது கியூ மாற்றிய கோப்பை ஒரு பைட்டும் தொடாமல் மெயின்ஃபிரேமுக்கு அனுப்பும். ஒரு வேலை நின்றால் மாற்றத்தில் நின்றதா, நெட்வொர்க்கில் நின்றதா என்பது கியூவைப் பார்த்தவுடனேயே தெரியும். மெயின்ஃபிரேம் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தாலும் மாற்றம் தொடர்ந்து நடக்கும், கோப்புகள் இரண்டாவது கியூவில் காத்திருக்கும்.

பாதுகாப்புக் காரணமும் உண்டு. கப்ஸில் பேக்எண்ட் (வேலையைச் சாதனத்துக்கு அனுப்பும் நிரல்) கோப்பின் உரிமை 0700 என்று இருந்தால் அது ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள பயனர்) ஓடும். 0755 என்றால் சாதாரணப் பயனராக ஓடும். எல்பிஆருக்குச் சில இடங்களில் 1024-க்குக் கீழ் உள்ள துறைமுகம் வேண்டும், அதற்கு ரூட் வேண்டும். ஆனால் வெளியிலிருந்து வரும் வேர்டு, பிடிஎஃப் கோப்புகளை ரூட்டாகத் திறப்பது ஆபத்து. பிரித்துவிட்டால் மாற்றுவது சாதாரணப் பயனர், அனுப்புவது மட்டும் ரூட்.

*அனுப்பும் கியூ.* இதை முதலில் அமையுங்கள். எல்பிஅட்மின் கட்டளையில் சாதன முகவரியாக எல்பிடி நெறிமுறை, மெயின்ஃபிரேமின் பெயர், சாய்கோட்டுக்குப் பின் கியூ பெயர். டிரைவர் வேண்டாம், ரா கியூ (வந்ததை அப்படியே அனுப்புவது). ரா கியூ வழக்கொழியப் போகிறது என்று புதிய கப்ஸ் ஒரு எச்சரிக்கை காட்டும். கப்ஸ் 2 வரிசையில் அது இன்னும் வேலை செய்கிறது. முகவரிக்குப் பின் கேள்விக்குறி போட்டுச் சேர்க்கும் விருப்பங்கள்தான் இங்கே முக்கியம்.

ஃபார்மேட் என்ற விருப்பம் எல்பிஆரின் ஃபில்டர் எழுத்தைத் தீர்மானிக்கும். 1990 ஆகஸ்டில் வெளியான ஆர்எஃப்சி 1179 இந்த எழுத்துகளை வரையறுக்கிறது. 'எஃப்' என்றால் சாதாரண டெக்ஸ்ட். டேப், வரி முடிவு, ஃபார்ம்ஃபீடு போன்ற சிலவற்றைத் தவிர மற்ற கட்டுப்பாட்டு எழுத்துகளை சர்வர் தூக்கிப் போட்டுவிடலாம். 'எல்' என்றால் உள்ளதை அப்படியே எடுத்துக்கொள். 'ஆர்' என்றால் முதல் நெடுவரிசையை ஃபோர்ட்ரான் பாணி கேரேஜ் கண்ட்ரோலாகப் படி. ஏஎஃப்பி, பிடிஎஃப் இரண்டுக்கும் 'எல்' தவிர வேறெதுவும் வேண்டாம். 'எஃப்' போட்டு ஏஎஃப்பி அனுப்பினால் இடையிடையே பைட்டுகள் காணாமல் போய், பிஎஸ்எஃப் முதல் பக்கத்திலேயே பிழை சொல்லி நிற்கும்.

ஆர்டர் என்ற விருப்பம் கண்ட்ரோல் கோப்பு (வேலையின் விவரம்) முதலா, டேட்டா கோப்பு (ஆவணம்) முதலா என்பதைச் சொல்லும். எதிர்ப்பக்கம் பதில் தராமல் இணைப்பைத் துண்டித்தால் இதை மாற்றிப் பாருங்கள்.

ரிசர்வ் என்பது மூலத் துறைமுகம் பற்றியது. ஆர்எஃப்சி-யின்படி அனுப்புபவர் 721 முதல் 731 வரையுள்ள துறைமுகத்திலிருந்து வர வேண்டும். மொத்தம் பதினொன்றுதான். முடிந்த இணைப்பின் துறைமுகம் சிறிது நேரம் டைம்வெயிட் நிலையில் பிடிபட்டிருக்கும். சிறுசிறு வேலைகள் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் போனால் பதினொன்றும் தீர்ந்து, கியூ திக்கித் திக்கி நகரும். மெயின்ஃபிரேம் கட்டாயப்படுத்தவில்லை என்றால் இந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். ஃபயர்வாலில் திறக்க வேண்டிய இலக்குத் துறைமுகம் 515.

பேனர் பக்கம் வேண்டாம் என்று வையுங்கள். பிரிப்புத் தாளை ஜெஸ் அல்லது பிஎஸ்எஃப் போட்டுக்கொள்ளும். வேலையின் தலைப்பில் சிறப்பெழுத்துகளை நீக்கும் விருப்பத்தையும் போடுங்கள்; எதிர்ப்பக்கம் ஜாப் பெயர்கள் எட்டு எழுத்துக்குள் அடங்கும் உலகம்.

பிழைக் கொள்கையாக 'அதே வேலையை மறுபடி முயற்சி செய்' என்பது வரிசை மாறக் கூடாத அறிக்கைகளுக்கு ஏற்றது. 'பிரிண்டரை நிறுத்து' என்று விட்டால் ஒரு நெட்வொர்க் தடுமாற்றத்துக்கே கியூ நின்று, யாராவது கையால் தட்டி எழுப்பும் வரை அப்படியே கிடக்கும்.

*மாற்றும் கியூ.* இதற்கு ஒரு சிறிய பேக்எண்ட் ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். கப்ஸ் அதைக் கூப்பிடும்போது வேலை எண், பயனர், தலைப்பு, பிரதிகள், விருப்பங்கள், கோப்பு என்ற வரிசையில் ஆறு மதிப்புகளைத் தரும். கோப்பு தராமல் ஐந்தோடு நின்றால் உள்ளீட்டு ஓடையிலிருந்து படிக்க வேண்டும். மதிப்பே இல்லாமல் கூப்பிட்டால் சாதனப் பட்டியலுக்கான ஒரு வரியை அச்சிட்டுவிட்டு வெளியேற வேண்டும்.

ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது: வந்ததைத் தற்காலிகக் கோப்பில் எழுது, முதல் சில பைட்டுகளைப் பார்த்து வகையை உறுதி செய், மாற்று, மாற்றியது காலியாக இல்லை என்று பார், பிறகு எல்பி கட்டளையால் ரா விருப்பத்தோடு அனுப்பும் கியூவில் போடு. அப்படிப் போடும்போது மூலப் பயனரின் பெயரையும் தலைப்பையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் எல்லா வேலையும் எல்பி என்ற ஒரே பயனரின் பெயரில் மெயின்ஃபிரேமுக்குப் போய்விடும், எது யாருடையது என்று பின்னால் கண்டுபிடிக்க முடியாது.

முடிவுக் குறியீடுகளையும் சரியாகத் திருப்புங்கள். 0 வெற்றி. 1 தோல்வி, கப்ஸ் பிழைக் கொள்கையின்படி நடந்துகொள்ளும். 3 என்றால் வேலை நிறுத்தி வைக்கப்படும். 4 என்றால் கியூவே நிற்கும். 5 என்றால் வேலை ரத்து. மாற்ற முடியாத ஆவணத்துக்கு 3 கொடுப்பது நல்லது: மற்ற வேலைகள் நகரும், கெட்டது மட்டும் ஆள் வந்து பார்க்கும் வரை நிற்கும்.

மாற்றத்தின் உள்ளே

வேர்டு ஆவணத்தை பிடிஎஃப் ஆக்க லிப்ரேஆஃபிஸை திரை இல்லாத முறையில் ஓட்டலாம். ஆனால் அதற்கு எழுதக்கூடிய ஒரு பயனர் சுயவிவர அடைவு வேண்டும். கப்ஸ் ஓட்டும் பயனருக்கு வழக்கமான வீட்டு அடைவு இருக்காது. அதோடு, ஒரே சுயவிவரத்தை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொட்டால் ஒன்று சத்தமில்லாமல் தோற்கும். ஒவ்வொரு வேலைக்கும் தற்காலிக அடைவில் தனிச் சுயவிவரம் கொடுத்து, முடிந்ததும் அழித்துவிடுங்கள். விண்டோஸிலிருந்து வருவது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்றால் கோஸ்ட்ஸ்கிரிப்ட் அதை பிடிஎஃப் ஆக்கும்.

பிடிஎஃப்-இலிருந்து லைன் டேட்டா எடுக்க பிடிஎஃப்டுடெக்ஸ்ட், லேஅவுட் விருப்பத்தோடு. இங்கே நான்கு விஷயம் கவனியுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் அது ஃபார்ம்ஃபீடு போடும், கடைசிப் பக்கம் உட்பட. அந்தக் கடைசி ஒன்றை வெட்டாவிட்டால் ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் ஒரு வெற்றுத் தாள் வரும். டேப் எழுத்துகளை வெற்றிடங்களாக விரித்துவிடுங்கள். 132-ஐத் தாண்டும் வரியை நீங்களே மடியுங்கள். மெயின்ஃபிரேம் மடிக்காமல் வெட்டிவிடலாம். வளைந்த மேற்கோள் குறி, நீளக் கோடு, ரூபாய் குறி போன்ற யூனிகோடு எழுத்துகளுக்கு நீங்களே ஒரு மாற்றுப் பட்டியல் வைத்து, பிறகு லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துக் குறியீடு) ஆக்குங்கள். எழுத்துக் குறியீட்டை மாற்றும் ஐகான்வ் கட்டளையின் தானியங்கி எழுத்துப்பெயர்ப்பை நம்பினால், ஓடும் இடத்தின் லோகேலைப் (மொழி அமைப்பு) பொறுத்து முடிவு மாறும். டெர்மினலில் சரியாக வந்தது கப்ஸுக்குள் கேள்விக்குறியாகும்.

லினக்ஸிலேயே எப்சிடிக் ஆக்கி அனுப்பலாமா? வேண்டாம் என்பேன். எப்சிடிக்கில் வரி முடிவு ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 15 ஆகவும் வரலாம், 25 ஆகவும் வரலாம். எது வேண்டும் என்பது படிக்கும் நிரலைப் பொறுத்தது. லத்தீன்-1 டெக்ஸ்டாக அனுப்பி, கோட்பேஜ் மாற்றத்தை மெயின்ஃபிரேமில் விடுவதே சுத்தம். வரி மடிப்பும் எழுத்துச் சுத்தமும் உங்கள் வேலை. எப்சிடிக்கும் கேரேஜ் கண்ட்ரோலும் அவர்கள் வேலை.

அறிக்கையை உருவாக்கும் நிரல் உங்கள் கையில் இருந்தால் பிடிஎஃப் வழியே சுற்ற வேண்டாம். அகலம் மாறும் எழுத்துருவில் இருக்கும் பிடிஎஃப்-இலிருந்து நெடுவரிசைகளைத் திரும்ப எடுப்பது ஊகம்தான், எண்கள் ஒரு கட்டம் தள்ளி விழலாம். மூலத்திலேயே டெக்ஸ்டாக எழுதச் சொல்லுங்கள்.

ஏஎஃப்பி என்றால் ஸ்பூலில் பதிவு எல்லை என்ற கேள்வி வரும். லினக்ஸில் ஏஎஃப்பி கோப்பு ஒரே தொடர் ஓடை. மெயின்ஃபிரேமில் ஒவ்வொரு கட்டமைப்புப் புலமும் ஒரு தனிப் பதிவு. புலம் ஹெக்ஸ் 5ஏ-வில் தொடங்கும், அடுத்த இரண்டு பைட் நீளம், அதற்கடுத்த மூன்று பைட் அடையாளம். அந்த நீளத்தில் 5ஏ கணக்கில் வராது. இன்ஃபோபிரிண்ட் சர்வர் இதைப் படித்துத் தானே பிரிக்கும். எஃப்டிபி (கோப்பு அனுப்பும் நெறிமுறை) வழியாக டேட்டாசெட்டில் (மெயின்ஃபிரேம் கோப்பு) போடும் இடங்களில் சாதாரண பைனரியாக அனுப்பினால் எல்லைகள் கண்டபடி விழும். சேருமிடம் விபிஎம் (நீளம் மாறும் பதிவுகளுக்கான) வடிவம், பதிவு நீளம் 32756 என்று அமைத்து, பதிவு எல்லையைக் காக்கும் முறையில் அனுப்ப வேண்டும்.

விண்டோஸ் கணினிகள்

நேரடியாக மெயின்ஃபிரேமுக்கு விடாமல், லினக்ஸின் மாற்றும் கியூவுக்கு ஐபிபி (இணைய அச்சு நெறிமுறை) வழியாக, ஒரு பொதுவான போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவரோடு அனுப்பச் செய்யுங்கள். நேரடி எல்பிஆர்தான் வேண்டும் என்றால், டிசிபி/ஐபி போர்ட் அமைப்பில் எல்பிஆர் பைட் கவுண்டிங் என்ற பெட்டியில் டிக் போடுங்கள். அது இல்லாவிட்டால் விண்டோஸ் கோப்பின் உண்மையான அளவைச் சொல்லாமல் ஒரு பெரிய எண்ணைச் சொல்லிவிட்டு அனுப்பத் தொடங்கும். கண்டிப்பான சர்வர் அதை நிராகரிக்கும்.

சோதனையும் பிழை கண்டுபிடித்தலும்

நேரடியாக உண்மையான ஆவணத்தில் தொடங்க வேண்டாம். ஒரு சோதனை டெக்ஸ்ட் கோப்பு செய்யுங்கள்: முதல் வரியில் 132 இடத்துக்கும் அளவுகோல், கடைசி இடத்தில் ஒரு தனி எழுத்து; அடுத்து சதுர அடைப்புக்குறிகள், செங்குத்துக்கோடு; சிறிய எழுத்தில் ஆங்கில நெடுங்கணக்கு; எண்கள்; ஒரு ஃபார்ம்ஃபீடு; இரண்டாம் பக்கத்தில் 'முடிவு' என்று பொருள்படும் ஒரு ஆங்கிலச் சொல். இதை அனுப்பும் கியூவில் நேரடியாகப் போட்டு, எஸ்டிஎஸ்எஃப்-இல் ஹெக்ஸ் காட்சியை இயக்கிப் பாருங்கள்.

வெற்றிடம் இருக்க வேண்டிய இடமெல்லாம் அட் குறியாக (@) வந்தால் இரட்டை மாற்றம். ஆஸ்கி (லினக்ஸ் பக்கத்தின் எழுத்துக் குறியீடு) வெற்றிடம் 20, எப்சிடிக்கில் 40 ஆகிறது. அந்த 40-ஐ மறுபடி ஆஸ்கி என்று எண்ணினால் அது அட் குறி, அதற்கான எப்சிடிக் 7சி. ஹெக்ஸில் 7சி வரிசையாகத் தெரிந்தால் வேறு சான்று வேண்டாம்.

சிறிய எழுத்துகள் இருந்த இடத்தில் சாய்கோடு, சதவீதக் குறி, அடிக்கோடு, கேள்விக்குறி வந்தால் மாற்றம் நடக்கவே இல்லை. ஆஸ்கியின் சிறிய 'ஏ' 61. எப்சிடிக்கில் 61 சாய்கோடு.

எல்லாம் சரி, சதுர அடைப்புக்குறி மட்டும் தவறு என்றால் 037-க்கும் 1047-க்கும் உள்ள குழப்பம். திறக்கும் சதுர அடைப்பு 037-இல் பிஏ, 1047-இல் ஏடி.

ஏஎஃப்பி வேலையின் முதல் பைட் 5ஏ-வுக்குப் பதில் ஈ9 என்றால், யாரோ அதை டெக்ஸ்ட் என்று நினைத்து எப்சிடிக் ஆக்கியிருக்கிறார்கள். ஆஸ்கியில் 5ஏ என்பது பெரிய 'இசட்', எப்சிடிக்கில் 'இசட்' ஈ9. டெஃபினிஷனில் வடிவத்தையும் ஃபில்டர் எழுத்தையும் பாருங்கள்.

ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் 1 அல்லது 0 அச்சாகி, பக்கம் மாறவில்லை என்றால் கேரேஜ் கண்ட்ரோலை யாரும் படிக்கவில்லை. மாறாக ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் காணாமல் போனால், இல்லாத கேரேஜ் கண்ட்ரோலை இருப்பதாக நினைத்துப் படிக்கிறார்கள்.

பிரதிகள் நான்கு வந்தால், கேட்டது இரண்டா என்று பாருங்கள். அனுப்புபவர் இரண்டு முறை அனுப்ப, மெயின்ஃபிரேமும் இரண்டு போட்டிருக்கும். பிரதி எண்ணிக்கை ஒரு பக்கம் மட்டும் இருக்கட்டும். பெரிய வேலை பாதியில் நின்று, மெயின்ஃபிரேம் கன்சோலில் ஹெச்ஏஎஸ்பி375 செய்தி வந்தால் வரி எண்ணிக்கை மதிப்பீட்டைத் தாண்டிவிட்டது; அது உங்கள் கியூவின் குற்றமில்லை.

லினக்ஸ் பக்கம் பார்க்க, கப்ஸின் பதிவு நிலையை டீபக் ஆக்குங்கள். கைக்கட்டளையில் ஓடும் ஸ்கிரிப்ட் கியூவில் ஓடவில்லை என்றால், எஸ்இலினக்ஸ் அல்லது ஆப்ஆர்மர் (லினக்ஸின் பாதுகாப்புக் கட்டுப்பாடுகள்) மறுத்த பதிவுகளையும் பாருங்கள். அதை அணைத்துவிடாமல், தேவையான அனுமதியை மட்டும் சேருங்கள்.

உற்பத்திக்குப் போகும் முன்

எல்பிஆரில் அடையாளச் சரிபார்ப்பு கிடையாது, மறையாக்கமும் கிடையாது. கண்ட்ரோல் கோப்பில் எழுதிய பயனர் பெயரை எதிர்ப்பக்கம் அப்படியே நம்பும். சம்பளச் சீட்டு, கணக்கு அறிக்கை போன்றவை போகும் கியூ என்றால் மறையாக்கப்பட்ட சுரங்கப்பாதை வழியாக அனுப்புங்கள். 515-ஐ இந்த ஒரு சர்வருக்கு மட்டும் திறக்கச் சொல்லுங்கள். கப்ஸ் இயல்பாக முடிந்த வேலையின் கோப்புகளை ஒரு நாள் வைத்திருக்கும். ரகசிய ஆவணங்களுக்கு அதைக் குறையுங்கள், ஸ்கிரிப்ட் தோற்றாலும் தற்காலிகக் கோப்பை அழிக்கும்படி எழுதுங்கள்.

கடைசியாக, இரட்டை அச்சு. முழுக் கோப்பும் போய்ச் சேர்ந்த பின், ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லும் அந்த ஒற்றைப் பூஜ்ய பைட் வழியில் தொலைந்தால், கப்ஸ் தோல்வி என்று எண்ணி மறுபடி அனுப்பும். மெயின்ஃபிரேமில் இரண்டு வேலைகள் நிற்கும். எல்பிஆரில் இதைத் தடுக்க வழியில்லை. எனவே மாற்றும் கியூவின் வேலை எண்ணைத் தலைப்பின் தொடக்கத்தில் சேர்த்துவிடுங்கள். ஒரே எண் ஸ்பூலில் இரண்டு முறை தெரிந்தால் அச்சுக்கு விடும் முன்பே ஆபரேட்டர் ஒன்றை நீக்கிவிடலாம். காசோலை, பில் போன்றவை போகும் கியூவில் மட்டும் தானியங்கி மறுமுயற்சியை நிறுத்திவிட்டு, தோற்ற வேலை ஆள் பார்க்கும் வரை காத்திருக்கட்டும் என்று வையுங்கள்.